விசுவாசம் இருந்தால் தன்னம்பிக்கை தானாக வந்துவிடுமா?

பாறசாலைப் பையன், 02.06.2024

எனக்கு 24 வயது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம். மூன்றும் அரைகுறை. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஐ.டி. கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனால் எழுத்துத் தேர்வு தாண்டிவிடுகிறேன், ஆள் முன்னால் உட்கார்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. சபையில் கேட்டால் "ஆவியானவர் உனக்குள் இருக்கிறார், எதற்குப் பயப்படுகிறாய்" என்கிறார்கள். ஜெபித்தேன், உபவாசமும் இருந்தேன். பயம் போகவில்லை. அப்படியென்றால் என் விசுவாசத்தில்தான் குறையா? விசுவாசத்தால் நிஜமாகவே தைரியம் வந்தவர்கள் யாராவது இங்கே உண்டா? வசனம் வேண்டாம், வசனம் எனக்கே தெரியும்.

களியக்காவிளை அக்கா, 03.06.2024, இரவு

உண்டு தம்பி, நான் இருக்கிறேன். ஆனால் வசனம் வேண்டாம் என்றால் எனக்கு வாயே திறக்காது. ஒன்றிரண்டு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயம் போகவில்லை என்றால் விசுவாசம் குறைவு என்று உங்களுக்குச் சொன்னது யார்? பழைய ஏற்பாட்டில் கிதியோன், கொள்ளையடிக்க வருகிற மீதியானியருக்குத் தெரியாமல் ஆலையோரத்தில் ஒளிந்து கோதுமை அடித்துக்கொண்டிருக்கிறான். அந்த நேரம் பார்த்துத் தூதன் வந்து "பராக்கிரமசாலியே" என்று கூப்பிடுகிறார். கேலி பண்ணுகிறாரோ என்று தோன்றுகிற இடம். இவன் "என் தகப்பன் வீட்டில் நான் எல்லாரிலும் சிறியவன்" என்று நழுவப் பார்க்கிறான். கடைசியில் பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் பலிபீடத்தை இடிக்கப் போனபோதும், வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து ராத்திரியில் போய்த்தான் இடித்தான். வேதத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. ராத்திரியில் இடித்தாலும் இடித்தது இடித்ததுதான்.

இடி வெட்டுகிறது, கரண்டும் போய்விட்டது. மிச்சம் நாளைக்கு.

களியக்காவிளை அக்கா, 04.06.2024

"மூன்றும் அரைகுறை" என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்கும் வாய்த்ததுதான்.

நான் பிறந்தது கேரளத்து இஞ்சிவிளைப் பக்கம், கட்டிக்கொடுத்தது தமிழ்நாட்டுக் களியக்காவிளையில். நடுவில் ஒரு செக்போஸ்ட், அவ்வளவுதான் தூரம். பி.காம். படிக்கத் திருவனந்தபுரம் போனேன். முதல் வாரமே வகுப்பில் எழுந்து ஏதோ சொன்னேன், பின்பெஞ்சில் சிரிப்பு. "பாண்டி" என்று ஒரு குரல், தமிழரைக் கேலியாக அப்படிச் சொல்வார்கள். என் மலையாளத்தில் தமிழ் இழுப்பு இருந்ததாம். சரி, தமிழ்நாட்டிலாவது தலைநிமிர்ந்து பேசலாம் என்று பார்த்தால், வேலைப் பயிற்சிக்கு மதுரை போன இடத்தில் "நீங்க மலையாளமா?" என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வேன். அதனால் திறக்கவில்லை. ஊரில் "அடக்கமான பிள்ளை" என்று பெயர் வந்தது. கல்யாணம் பேசுகிற நேரத்தில் அந்தப் பெயர் நன்றாகவே உதவியது. உள்ளே இருந்தது பயம் என்று அம்மைக்கு மட்டும் தெரியும்.

இப்போது நீங்கள் வேண்டாம் என்ற வசனம். இயேசுவைப் பிடித்த ராத்திரி, அவரைத் தெரியவே தெரியாது என்று சீஷன் பேதுரு மறுதலித்தாரே, பிரதான ஆசாரியனின் வீட்டு முற்றத்தில் அவரை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? "உன் பேச்சு உன்னை வெளிப்படுத்துகிறது" என்கிறார்கள். கலிலேயா இழுப்பு. நாம் திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கேட்டதும் மாட்டிக்கொள்கிறோமே, அதே கதை. இந்தப் பகுதியில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், எல்லாரும் சேவல் கூவியதற்கு ஓடிவிடுவார்கள். இழுப்பைக் கண்டுகொண்டதும் அந்த மனுஷன் சபிக்கவும் சத்தியம்பண்ணவும் தொடங்கினானே, அந்த இடத்தில் யாரும் நிற்பதில்லை. நான் அங்கே நின்றுவிட்டேன். ஏனென்றால் அது நான்.

ஆவியானவர் சீஷர்கள் மேல் அக்கினி நாவாக இறங்கின பெந்தெகொஸ்தே நாளில் அதே பேதுரு அதே எருசலேமில் எழுந்து பேசுகிறார். கூட்டம் முதலில் கேட்டதே "பேசுகிற இவர்களெல்லாரும் கலிலேயரல்லவா?" என்றுதான். அதாவது ஆவியானவர் இறங்கின பிறகும் கலிலேயர் என்று ஊருக்குத் தெரிந்துதான் இருந்தது. பேதுரு அதை மறைப்பதை விட்டுவிட்டார். எனக்குக் கிடைத்ததும் அவ்வளவுதான். என் மலையாளம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது, வேண்டுமானால் போன் பண்ணிக் கேளுங்கள், சிரிக்கலாம்.

பாறசாலைப் பையன், 04.06.2024

அக்கா, நன்றாக இருக்கிறது. ஆனால் பேதுருவுக்கு அக்கினி நாவு இறங்கியது. உங்களுக்கு என்ன இறங்கியது?

களியக்காவிளை அக்கா, 05.06.2024

ஒரு உபதேசியார் இறங்கினார்.

எங்கள் சபையில் வயசான உபதேசியார் ஒருவர் இருந்தார், பாதிரியாருக்குக் கீழே சபையைக் கவனிக்கிற ஊழியர். இப்போது கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். வேத பாடம் வாசிக்க ஆள் குறிப்பவர் அவர்தான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்துக்கொண்டே "மக்களே, நாளைக்கு ரெண்டாம் பாடம் நீ வாசி" என்றார். நான் முடியாது என்றேன். "முடியாதுண்ணு எனக்கும் தெரியும், வாசி" என்றார். ஜெபம் பண்ணவில்லை, தலையில் கை வைக்கவில்லை, நீ சிங்கம் என்று சொல்லவும் இல்லை. குடித்து முடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பெந்தெகொஸ்தே. பாடம் அப்போஸ்தலர் இரண்டு. பார்த்தரும், மேதரும், ஏலாமீத்தரும், மெசொப்பொத்தாமியா, யூதேயா, கப்பத்தோக்கியா என்று அந்த நீளமான பட்டியல். வேண்டுமென்றேதான் தந்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கப்பத்தோக்கியாவில் தடுக்கினேன். நிறுத்தி, திரும்பவும் சொன்னேன். மறுபடியும் தடுக்கினேன். பெண்கள் பக்கத்தில் ஒரு மாமி வாயைப் பொத்திக்கொண்டது தெரிந்தது. உபதேசியார் முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கேட்கிறாரா தூங்குகிறாரா என்று சொல்ல முடியாது. முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். வானம் இடிந்து விழவில்லை. ஆராதனை முடிந்து வாசலில் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "வரிக்கு அடியில விரல வச்சு வாசி. ஓடாத." அடுத்த முறை குறிக்கும்போது என் பெயரை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை.

என் தன்னம்பிக்கையின் தொடக்கம் அந்தக் கப்பத்தோக்கியா. அக்கினி நாவு என்றால் அதுதான்.

குழித்துறை வாத்தியார், 06.06.2024

அக்கா எழுதுவது சுவாரசியம். ஆனால் இதில் கடவுள் எங்கே? மேடைப் பழக்கம் யாருக்கும் தைரியம் தரும். மேடைப் பேச்சு பழகுகிற டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் போனாலும் இதே பலன். பட்டிமன்றம், கலை இலக்கிய இரவு எல்லாம் இதைத்தான் செய்தன.

களியக்காவிளை அக்கா, 06.06.2024, இரவு

வாத்தியாரே, பாதி ஒத்துக்கொள்கிறேன். பழக்கம் இல்லாமல் ஒன்றும் வராது. "ஜெபித்தால் போதும், பேச்சு தானாக வரும்" என்று தம்பிக்கு யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன்.

ஆனால் கிளப்பில் ஒருவர் பத்து வருஷம் பேசியும் தேறவில்லை என்றால் என்ன ஆகும்? அவரே வெட்கப்பட்டு நின்றுவிடுவார். எங்கள் சபையில் ஒரு தாத்தா இருக்கிறார், எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் மோசமாகத்தான் வாசிக்கிறார். கண்ணாடியைத் தேடுவார், பக்கத்தைத் தேடுவார், "எரேமியா" எடுப்பதற்குப் பதில் "எசேக்கியேல்" எடுத்துப் பாதி வாசித்துவிட்டு நிறுத்துவார். அவருக்கு முறை வந்துகொண்டேதான் இருக்கிறது. யாரும் அவருக்கு மார்க் போடுவதில்லை. நன்றாக வாசிப்பதால் அவர் அங்கே நிற்கவில்லை, அவர் ஞானஸ்நானம் பெற்ற ஆள், அவருக்கும் அங்கே இடம் உண்டு, அதனால் நிற்கிறார். நான் கடவுளைப் பார்த்தது அங்கேதான். தேறினால்தான் இடம் என்ற கணக்கு அந்த இடத்தில் இல்லை. தேறாமலே இடம் கிடைத்ததால் நான் மெல்ல மெல்லத் தேறினேன்.

பட்டிமன்றத்தைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டுக்காரர் பட்டிமன்றப் பைத்தியம்.

களியக்காவிளை அக்கா, 09.06.2024, ஞாயிறு

இன்றைக்கு இராப்போஜன ஆராதனை. வந்ததும் எழுத உட்கார்ந்தேன், மீன் இன்னும் நறுக்கவில்லை.

அம்மையைப் பற்றி எழுத வேண்டும். அம்மை அண்டி ஆபீசில் தல்லுக்குப் போனவள். வெளியூர்க்காரர்களுக்கு: முந்திரி ஆலைக்கு எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ் என்று பெயர். வறுத்த முந்திரிக்கொட்டையை ஒவ்வொன்றாகக் கட்டையால் தட்டி உடைத்துப் பருப்பு சிதையாமல் எடுக்க வேண்டும். முழுப்பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு வேறு விலை. ஓட்டில் ஒரு எண்ணெய் உண்டு, அது கையைப் பொள்ளவைக்கும். சாம்பலைப் பூசிக்கொண்டு வேலை செய்வார்கள், என்றாலும் விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து, ரேகை அழிந்துபோகும். சோப்புப் போட்டாலும் போகாது. விளவங்கோடு தாலுகாவில் எத்தனை பிள்ளைகளைப் படிக்கவைத்த கைகள் அவை!

இராப்போஜனத்துக்கு முழங்கால் போட்டு உள்ளங்கையை நீட்ட வேண்டும், ஐயர் (பாதிரியாரை எங்கள் சபையில் அப்படித்தான் சொல்வோம்) அப்பத்தை அதில் வைப்பார். அம்மை நீட்டும்போது விரல்களை உள்ளே மடக்கிக்கொள்வாள். கறை தெரியக்கூடாதாம். பக்கத்தில் முழங்காலிட்டிருப்பவர் டீச்சராகவோ பேங்க்காரராகவோ இருப்பார். சின்ன வயசில் எனக்கும் அந்தக் கை வெட்கமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு அம்மை வந்தால் முந்தானையில் கையைச் சுற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

புதிதாக மாறிவந்த ஒரு ஐயர், அப்பத்தை வைக்க வந்தவர், மடக்கின விரல்களைப் பார்த்து நின்றார். "அம்மா, நல்லா விரிச்சு நீட்டுங்க, கீழ விழுந்துடப் போகுது" என்றார். அவருக்குக் கறையைப் பற்றி ஒரு நினைப்பும் இருந்திருக்காது, அப்பம் விழுந்துவிடக்கூடாதே என்ற கவலைதான். அம்மை விரித்தாள். அன்றிலிருந்து விரித்துத்தான் நீட்டினாள். அப்புறம் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் முன்னால் வந்து நின்று கோழிக்கு விலை கேட்கிற அளவுக்கு ஆனாள். ஒரு வருஷம் டீச்சரோடு போட்டி போட்டு ஒரு பூவன் குலையை சந்தை விலைக்கு மூன்று மடங்கு கொடுத்து எடுத்துவிட்டு வந்தாள். அப்பா ஒரு வாரம் பேசவில்லை.

களியக்காவிளை அக்கா, 12.06.2024

நட்டாலத்துக்காரர் ஒருவர் தேவசகாயம் பிள்ளையைப் பற்றிக் கேட்டதற்காக. நான் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபை, அவர் கத்தோலிக்கர்களின் புனிதர். ஆனாலும் அவர் நம் ஊர்க்காரர், உரிமையோடு பேசலாம்.

பழைய பெயர் நீலகண்ட பிள்ளை, 1712-இல் நட்டாலத்தில் பிறந்தவர். திருவிதாங்கூர் அரசில் நல்ல வேலை. வரிசையாக நஷ்டம், ஆடுமாடு செத்தது, பயிர் போனது. இடிந்துபோயிருந்தவரிடம் டிலனாய், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையை வேதத்திலிருந்து சொன்னார். 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தாரே, டச்சுக் கம்பெனிப் படையில் இருந்த அந்த டிலனாய். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். பிறகு சிறை, எருமை மேல் பின்புறமாக உட்காரவைத்து ஊர்வலம், அடி, 1752 ஜனவரி 14-இல் காற்றாடிமலையில் துப்பாக்கிச் சூடு. 2022 மே 15-இல் ரோமில் புனிதர் பட்டம்.

தம்பிக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் செத்த விதம் அல்ல, யோபுவின் கதை. நஷ்டப்பட்டவனுக்கு அதைச் சொல்லலாம் என்று டிலனாய்க்குத் தோன்றியதே, அதுதான் எனக்கு ஆச்சரியம். அவரும் தோற்றுச் சிறைப்பட்ட ஆள். யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் அத்தனை அதிகாரமும் என்ன சொல்கிறார்கள்? உன்னிடத்தில்தான் குறை, யோசித்துப் பார் என்கிறார்கள். கடைசியில் கடவுள் பேசும்போது, நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று அந்தச் சிநேகிதர்கள் மேல்தான் கோபப்படுகிறார். "உன் விசுவாசத்தில்தான் குறை" என்று உங்களிடம் சொன்னவர்களுக்கு இந்தப் பகுதியை வாசிக்கக் கொடுங்கள். மரியாதையாகக் கொடுங்கள்.

களியக்காவிளை அக்கா, 13.06.2024

நேற்று எழுதியதை இன்று வாசித்தால், டெக்னோபார்க் இன்டர்வியூவுக்குக் காற்றாடிமலையை இழுத்தது கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. ஒருவர் உயிரைக் கொடுத்தார், இன்னொருவர் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்பதற்குத் திணறுகிறார். ஆனால் அழிக்கப்போவதில்லை. யோபு பகுதி நிற்கட்டும்.

களியக்காவிளை அக்கா, 18.06.2024

குழித்துறை வாத்தியார் தனியாக ஒரு நீண்ட செய்தி அனுப்பியிருக்கிறார், இங்கேயே பதில் எழுதச் சொல்லி. சுருக்கம் இது: இந்த மண்ணில் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கு நிமிர்ந்து நிற்கத் தைரியம் தந்தது பள்ளிக்கூடமும் போராட்டமும், சபை அதற்குப் பெயர் தட்டிக்கொள்கிறது.

பள்ளிக்கூடத்தைச் சபையிலிருந்து பிரித்தால் அந்தக் காலத்துக் கணக்கு தீராது, வாத்தியாரே. மயிலாடியிலிருந்து மகாராசன் என்ற ஒரு ஆள் தஞ்சாவூர் பக்கம் போய், வேதமாணிக்கம் என்ற கிறிஸ்தவப் பெயரோடு திரும்பி, எங்கள் ஊருக்கும் ஆள் அனுப்புங்கள் என்று கேட்டார். 1806-இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி வந்தார். வெள்ளைக்காரன் தானாக வந்து கொடுத்ததாகப் பாதிப் பேர் சொல்வார்கள், இங்கேயிருந்து ஒருவர் போய்க் கேட்டதை விட்டுவிடுவார்கள். எனக்கு அந்தக் கேட்டது முக்கியம். ரிங்கல்தௌபே 1816-இல் உடம்பு முடியாமல் கிளம்பிப் போனார், எங்கே போய்ச் செத்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவருக்குப் பின்னால் மீட் வந்தார், மால்ட் வந்தார். நாகர்கோவிலில் மால்ட்டின் மனைவி பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். சம்பாதிக்கிற பெண்ணின் நடை வேறு, அது அண்டி ஆபீஸ் வாசலிலும் தெரியும்.

ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை போடும் உரிமைக்காக நடந்த தோள்சீலைக் கலகம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குப்பாயம் என்ற சட்டை போட்டுச் சந்தைக்குப் போன பெண்களின் துணியைக் கிழித்தார்கள். அடுத்த சந்தைக்கும் அவர்கள் போட்டுக்கொண்டுதான் போனார்கள். 1859 ஜூலை 26-இல், மேலாடை போடலாம் என்று திருவிதாங்கூர் மகாராஜாவின் அரசாணை வந்தது, அதிலும் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்று ஒரு வால். ஆக விசுவாசமா, போராட்டமா என்று கேட்டால், அந்த அடுத்த சந்தைக்குக் கிளம்பின பெண்ணிடம் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். வீட்டிலிருந்து இறங்கும்போது அவள் என்ன ஜெபித்தாள் என்று எந்த மிஷனரி அறிக்கையிலும் இருக்காது.

சபைக்கு மட்டும் பெயர் என்று நானும் சொல்லவில்லை. அய்யா வைகுண்டரை யாரும் மறக்க முடியாது. அதே காலம், அதே ஜனங்கள், சுவாமித்தோப்பு. தலைப்பாகை கட்டு என்றார். எங்கள் மைனி வீட்டார் அய்யாவழிக்காரர்கள். பதி என்கிற அவர்களுடைய கோயிலுக்குள் போனால் விக்கிரகம் கிடையாது, கண்ணாடி இருக்கும். கும்பிடப் போனவன் தலைப்பாகையோடு தன்னையே பார்க்கிறான். முதல் முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஐயரிடம் சொல்லவில்லை.

களியக்காவிளை அக்கா, 18.06.2024, மறுபடியும்

சபை தைரியத்தைக் கொடுக்கிறது என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் பொய்யாகிவிடும். பிடுங்கவும் செய்யும்.

பெண்கள் சங்கத்துக்கு நான் பொருளாளராக இருந்தேன். ஒரு கட்டட வேலைக்குச் சங்கத்துப் பணத்தை எடுத்தார்கள், ரசீது கேட்டேன். கமிட்டியில் ஒரு பெரியவர், பெயர் வேண்டாம், "அண்டி ஆபீஸ்காரிக்க மக்களா நமக்குக் கணக்குப் படிப்பிக்கது?" என்றார். சிரித்தார்கள். நான் வேலை பார்ப்பதே அண்டி ஆபீஸ் கணக்குப் பிரிவில்தான், ஏற்றுமதிக் கணக்கெல்லாம் என் கை வழியாகப் போகிறது, ஆனால் அந்த நிமிஷம் அதெல்லாம் ஞாபகம் வரவில்லை. திருவனந்தபுரத்துப் பின்பெஞ்ச் சிரிப்புதான் காதில் கேட்டது. இன்னொருவர் எழுந்து, விசுவாசிக்குத் தாழ்மை வேண்டும் சிஸ்டர் என்றார். பெண் கணக்குக் கேட்டால்தான் இவர்களுக்குத் தாழ்மை ஞாபகம் வரும்.

உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குப் போய் அழுதேன். அடுத்த கூட்டத்தில் நோட்டைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்து, வரிக்கு அடியில் விரல் வைத்து, ஒவ்வொரு தொகையாக வாசித்தேன். ஓடாமல். குரல் நடுங்கியது, நிற்கவில்லை. பாதி ரசீது வந்தது, பாதி இன்றுவரை வரவில்லை. அடுத்த தேர்தலில் என்னை நிறுத்தவும் இல்லை. அதனால் விசுவாசத்தால் ஜெயித்தேன் என்று சாட்சி சொல்ல முடியாது. அந்தப் பெரியவர் எதிரே வந்தால் இப்போது நான் வழி மாறிப் போவதில்லை, அவர்தான் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்.

பாறசாலைப் பையன், 25.06.2024

அக்கா, ஒரு விஷயம். தூக்கம் வருவதில்லை, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது, இன்டர்வியூ இல்லாத நாளிலும். டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். ஜெபக்குழுவில் ஒரு அண்ணன், மாத்திரை எடுத்தால் அவிசுவாசம் என்றார்.

களியக்காவிளை அக்கா, 25.06.2024

இதற்கு உடனே பதில். டாக்டரைப் பாருங்கள். நாளைக்கே.

அந்த அண்ணன் நிற்கிற மண்ணில் 1838-இலேயே நெய்யூரில் மிஷன் வைத்தியம் தொடங்கியாயிற்று. சோமர்வெல் யார் என்று அவரைக் கேளுங்கள். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர். பனிச்சரிவில் கூட வந்த சுமைதூக்கிகள் ஏழு பேர் செத்தார்கள். அந்தப் பாரத்தோடு இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தவர் நெய்யூரில் நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு லண்டன் வேலையை வேண்டாம் என்றார். 1924-இல் மறுபடியும் எவரெஸ்ட் போய், தொண்டை அடைத்து மூச்சு முட்டி, சிகரத்துக்குக் கொஞ்சம் கீழே உட்கார்ந்துவிட்டார். உச்சியைத் தொடாத மனுஷன், நம் தாத்தா பாட்டிகளின் வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டு பல வருஷம் இங்கேயே இருந்தார். ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கத்தி எடுப்பாராம் என்று எங்கள் பாட்டி சொல்வாள். கத்தி எடுத்தார், அதுதான் விஷயம்.

படபடப்பு ஒரு நோயாகவும் இருக்கலாம். சுகருக்கு மாத்திரை போடுகிற அண்ணன்மார் மனசுக்கு மாத்திரை என்றால் மட்டும் வசனம் எடுப்பார்கள். அந்த அண்ணனுக்கு பிரஷர் உண்டா என்று விசாரியுங்கள்.

குழித்துறை வாத்தியார், 26.06.2024

இதில் அக்கா சொல்வதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். தேதி குறித்து வையுங்கள்.

பாறசாலைப் பையன், 21.07.2024

டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை தந்திருக்கிறார், பேசவும் ஒருவரிடம் அனுப்பியிருக்கிறார். தூக்கம் கொஞ்சம் பரவாயில்லை. நேற்று ஒரு இன்டர்வியூ. என் மலையாளத்தைக் கேட்டு அந்த ஆள் "தமிழனாணோ?" என்றார். அக்கா சொன்னது ஞாபகம் வந்தது, "ஆமா, பார்டர்" என்றேன். அவருக்கும் பாட்டி வீடு நாகர்கோவிலாம். ஐந்து நிமிஷம் நன்றாகப் போனது. அப்புறம் டேட்டாபேஸ் கேள்வியில் மாட்டிக்கொண்டேன். வேலை கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன்.

களியக்காவிளை அக்கா, 22.07.2024

டேட்டாபேஸுக்கு ஆவியானவர் பொறுப்பல்ல, படிக்க வேண்டியதுதான்.

ஆனால் "ஆமா, பார்டர்" என்றீர்களே, அதை நான் சொல்ல எத்தனை வருஷம் எடுத்தது தெரியுமா? முற்றத்தில் பேதுருவிடம் கேட்ட அதே கேள்விதான் அது. நீங்கள் மறுதலிக்கவில்லை.

என் பதில் மொத்தமும் பேதுருவிலும் உபதேசியாரிலும் நிற்பது நேற்று ராத்திரி யோசிக்கும்போது எனக்கே உறுத்தியது. உபதேசியார் இல்லாத சபையில் இருக்கிற பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பெரிய ஹால், மேடையில் பாட்டுக்குழு, கீழே இருட்டில் நாற்காலி. அங்கே கப்பத்தோக்கியாவில் தடுக்கி விழ யாருக்கும் வாய்ப்பே கிடைக்காது. "நீ ஜெயிக்கிறவன்" என்று மைக்கில் கேட்டுவிட்டு, கைதட்டிவிட்டு, திங்கட்கிழமை மறுபடியும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சபைகளைக் குறை சொல்லவில்லை, எனக்கு அங்கே பாட்டு பிடிக்கும். ஆனால் தம்பி, உங்கள் சபை எப்படி? பாடம் வாசிக்க ஆள் குறிக்கிறார்களா, ஓய்வுநாள் பள்ளியில் ஆள் பற்றாக்குறை உண்டா? எங்கேயும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கதை சொல்லிப் பாருங்கள், உங்கள் மலையாளத்தையும் தமிழையும் பற்றி அதுகளுக்குக் கவலையே கிடையாது. கோலியாத் எத்தனை அடி உயரம், அவன் என்ன சாப்பிடுவான் என்றுதான் கேட்கும்.

பாறசாலைப் பையன், 08.09.2024

அக்கா, வேலை இன்னும் இல்லை. ஆனால் தமிழ் ஆராதனையில் பாடம் வாசிக்கப் பெயர் கொடுத்துவிட்டேன், வருகிற ஞாயிறு. ஓணத்து அன்று என்பதால் ஆள் குறைவாக இருக்கும் என்ற தைரியம்தான். ரோமர் 16 தந்திருக்கிறார்கள். பார்த்தீர்களா அதை? முழுக்கப் பெயர்.

களியக்காவிளை அக்கா, 08.09.2024, இரவு

உங்கள் சபையிலும் ஒரு உபதேசியார் இருக்கிறார் என்று புரிகிறது.

திரிபேனாள், திரிபோசாள் இரண்டையும் அவசரத்தில் ஒன்றாக்கிவிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு பெண்கள். பதினாலாம் வசனம்தான் குழி: அசிங்கிரீத்து, பிலெகோன், எர்மா, பத்திரொபா, எர்மே. சனிக்கிழமை ராத்திரி வீட்டில் உரக்க வாசித்துவிடுங்கள். அசிங்கிரீத்து வரும்போது வாலிபர் சங்கப் பையன்கள் சிரிப்பார்கள், அவர்கள் எப்போதும் சிரிப்பார்கள், அந்தப் பக்கம் பார்க்காதீர்கள். மாத்திரையை ஓணச் சாப்பாட்டுக்குப் பிறகு போட மறந்துவிடாதீர்கள். எத்தனை மணிக்கு ஆராதனை? ஒன்பது என்றால், எங்கள் ஆராதனைக்கு மட்டம் போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் நானும் வருகிறேன்.